சம்ப் மோட்டாரும் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலரும்

கம்ப்யூட்டர் இதழில் தண்ணீர் மோட்டாருக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். இன்று பல வீடுகளில் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரை இயக்குவது ஒரு சிறிய எலக்ட்ரானிக் சர்க்யூட்தான். மேல் தொட்டியில் நீர் இறங்கினால் அது மோட்டாரை ஆன் செய்திடும். தொட்டி நிறைந்தாலோ, சம்ப் வற்றினாலோ ஆஃப் செய்திடும். இந்த வாட்டர் லெவல் கன்ட்ரோலரைப் பொருத்திய பின் பலரும் மோட்டாரை எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆனால் கன்ட்ரோலர் நம்பியிருப்பது சென்சாரை மட்டுமே.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது உலோகக் கம்பி சென்சார். கம்பிகளுக்கு இடையே நீர் வழியாகச் சிறிதளவு மின்சாரம் பாய்வதை வைத்து நீர் இருப்பதை அறிகிறது. உப்புத் தண்ணீரில் கம்பி மீது வெள்ளைப் படிவு ஏறினால், நீர் இருந்தும் இல்லை என்று சொல்லும். மேல் தொட்டியில் இப்படி நடந்தால் நீர் வழிந்து ஓடும். இதைவிட மோசமானது, ஈரமான அழுக்கு இரு கம்பிகளையும் இணைத்துவிடுவது. அப்போது வற்றிய சம்ப்பிலும் நீர் இருப்பதாக எண்ணி மோட்டார் ஓடும். பம்ப்பின் சீல் குளிர்வது நீரால்தான். வறண்டு ஓடினால் அது சூடேறிக் கெட்டு, கசியும் நீர் காயிலுக்குள் செல்லலாம்.

எங்கள் வீட்டில் போர்வெல் நீர் என்பதால் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை சென்சாரைத் துடைத்துவிட்டு ஒரு சோதனையும் செய்கிறேன். மேல் தொட்டியில் நீர் குறைந்திருக்கும்போது மெயினை ஆஃப் செய்து, சம்ப் சென்சாரை வெளியே எடுத்துத் துடைத்துத் தொங்கவிடுங்கள். பின் மெயினை ஆன் செய்திடுங்கள். மோட்டார் ஓடக் கூடாது. ஓடினால் உடனே நிறுத்திவிட்டு கன்ட்ரோலரைச் சரி பார்க்கவும்.

கோடையில்தான் இந்தச் சோதனை அவசியம். சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்ட 2019 போன்ற ஆண்டுகளில் சம்ப் அடிக்கடி அடியைத் தொட்டுவிடும். சென்சாரின் கீழ்மட்டம் ஃபுட் வால்வுக்கு அரை அடியாவது மேலே இருக்கட்டும். மோட்டார் சுழலாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள். குறைந்த வோல்டேஜ் அல்லது பழுதான கெப்பாசிட்டர் காரணமாக இருக்கலாம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் சம்ப் மூடி தெருநீர் புகாத உயரத்தில் உள்ளதா, மோட்டார் மேடை மீது இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதனைப் பொருத்துங்கள். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கவும். 2015 டிசம்பர் வெள்ளம் போல மோட்டார் மூழ்கினால், தண்ணீர் வடிந்ததும் சுவிட்சைப் போடாதீர்கள். எலக்ட்ரீஷியன் காயிலை உலர்த்தி, இன்சுலேஷனைச் சோதித்த பிறகே இயக்க வேண்டும். சம்ப்பைக் கழுவ யாரும் சட்டென்று உள்ளே இறங்கவும் கூடாது. மெயினை ஆஃப் செய்து, மூடியை வெகுநேரம் திறந்து வைத்து, மேலே ஒருவர் நிற்க வேண்டும்.

புதிதாகக் கன்ட்ரோலர் வாங்குபவர்கள், உப்பு நீர் உள்ள வீடு என்றால் கம்பிக்குப் பதில் மிதவை வகை சென்சாரைக் கேட்டு வாங்கவும். விலை சற்றுக் கூடினாலும் கம்பியில் படிவு ஏறும் தொல்லை அதில் இல்லை.