400 மீட்டரும் ஒரு நண்பனின் உயிரும்: டைவ்மாஸ்டர் நீச்சல் தேர்வுக்குத் தயாராவது எப்படி?



விடுமுறைக்குத் தியோமான் போய் ஸ்கூபா கத்துக்கிட்டு வர்றவங்க நம்ம பிள்ளைகள்ல இப்போ நிறைய பேர். அந்தத் தொடக்கநிலைப் பயிற்சியில் 200 மீட்டர் நிற்காமல் நீந்தினால் போதும், கடிகாரம் கிடையாது. ஆனால் பாடி அமைப்பின் டைவ்மாஸ்டர் நிலைக்குப் போனால் கதை மாறும். அங்கே ஒவ்வொரு வினாடிக்கும் மதிப்பெண் உண்டு. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

1. தேர்வு என்ன கேட்கிறது?

மொத்தம் ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண்.

• 400 மீட்டர் நீச்சல், எந்த உபகரணமும் இல்லாமல். 6 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் 5. 8:40க்குள் 4. 10:50க்குள் 3. 13:00க்குள் 2. அதற்கு மேல் 1.
• 15 நிமிடம் நீரில் மிதந்து நிற்பது. கடைசி 2 நிமிடம் கைகள் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும்.
• முகக்கண்ணாடி, ஸ்நோர்கல், துடுப்புக் காலணியோடு 800 மீட்டர். கையைப் பயன்படுத்தக் கூடாது. 19 நிமிடத்துக்குள் முடித்தால் 3.
• அசையாமல் இருக்கும் ஒருவரை 100 மீட்டர் இழுத்துச் செல்வது. 4:20க்குள் முடித்தால் 3.
• நீருக்கடியில் இருவர் தங்கள் உபகரணங்களை மாற்றிக்கொள்வது.

தேர்ச்சிக்கு மொத்தம் 15 மதிப்பெண் வேண்டும். ஐந்திலும் மும்மூன்று எடுத்தாலே போதும். ஆனால் எந்தப் பகுதியையும் பாதியில் விடக் கூடாது. ஆகவே ஒன்றில் புலியாக இருப்பதைவிட ஐந்திலும் சுமாராக இருப்பது நல்லது.

2. ஏன் சீக்கிரம் களைத்துப் போகிறோம்?

கொஞ்சம் இயற்பியல் பார்ப்போம், பயப்படாதீங்க. தண்ணீர் நம்மைத் தடுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். அதைத் தாண்டிப் போக உடம்பு செலவழிக்கும் ஆற்றலோ, கிட்டத்தட்ட வேகத்தின் மும்மடியைப் பொறுத்து ஏறும்.

உங்கள் இலக்கு 8:40 என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 2:10 வருகிறது. ஆர்வக் கோளாறில் முதல் 100 மீட்டரை 1:50இல் அடித்தால், வேகம் சுமார் 18% தான் கூடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் ஒவ்வொரு வினாடியும் செலவாகும் ஆற்றல் சுமார் 65% கூடிவிடும்! மிச்சம் பிடித்த அந்த 20 வினாடிக்கு, மீதி 300 மீட்டரில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

அதனால் இரண்டு விஷயம். முதலில், சீரான வேகம். அடுத்து, தடையைக் குறைப்பது. தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். அப்போது ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரிதான். பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டுவிடுங்கள். தலையைத் திருப்பும்போது இழுப்பது மட்டும்தான் வேலை.

3. ஆறு வாரத் திட்டம்

ஃபேரர் பார்க்கில் 1957 முதல் 2003 வரை ஒரு பொது நீச்சல் குளம் இருந்தது. அப்பா, மாமாவைக் கேட்டால் கதை சொல்வார்கள். இப்போது நமக்கு நடை தூரத்தில் இருப்பது ஜாலான் புசார் நீச்சல் வளாகம். போகும் முன் திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் போதும்.

• வாரம் 1, 2: 50 மீட்டர், எட்டு முறை. ஒவ்வொன்றும் 65 வினாடி, இடையில் 30 வினாடி ஓய்வு. (இலக்கு 10:50 என்றால் 81 வினாடி.)
• வாரம் 3, 4: 100 மீட்டர், நான்கு முறை, ஒவ்வொன்றும் 2:10. ஓய்வு 20 வினாடி. ஒரு நாள் துடுப்புக் காலணியோடு 400 மீட்டர்.
• வாரம் 5: 200 மீட்டர், இரண்டு முறை. துடுப்புக் காலணியோடு 800 மீட்டர்.
• வாரம் 6: முழு 400 மீட்டர், ஒரே ஒரு முறை. பிறகு தேர்வு வரை இரண்டு நாள் ஓய்வு.

மிதந்து நிற்பதை ஒவ்வொரு நாளும் கடைசியில் செய்யுங்கள். கை தண்ணீருக்கு மேலே வந்ததும் அதன் எடையைத் தண்ணீர் தாங்காது, உடம்பு இறங்கும். அந்த 2 நிமிடத்துக்காகக் காலை முட்டை அடிப்பதுபோல் மாற்றி மாற்றிச் சுழற்றப் பழகுங்கள்.

தைப்பூச விரதம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவேளை சாப்பாட்டில் இருக்கும் நாட்களில் கடிகாரத்தோடு போட்டி வேண்டாம். அந்த வாரங்களில் மெதுவாக நீந்தி, மூச்சையும் உடல் நிலையையும் சரி பண்ணுங்கள்.

4. உயிருக்கு ஆபத்தான ஒரு பழக்கம்

தேர்வுக்குத் தயாராகிறேன் என்று சிலர் தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் பார்ப்பார்கள். அதற்கு முன் வேக வேகமாக மூச்சு வாங்குவார்கள். இது ரொம்ப ஆபத்து. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை முக்கியமாகத் தூண்டுவது உடம்பில் சேரும் கரியமில வாயு. வேக மூச்சு அதை வெளியேற்றிவிடும், ஆனால் பிராணவாயுவைப் பெரிதாகக் கூட்டாது. தவிப்பு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடலாம். சத்தமே இருக்காது, பக்கத்தில் நீந்துபவருக்கும் தெரியாது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம்மவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆனால் யாரும் தனியாக இறங்கவில்லை. மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கவனமாக இருப்பார். இழுத்தால் தூக்குவது அவர் பொறுப்பு. அத்தனை அனுபவம் உள்ளவர்களுக்கே அது தேவைப்பட்டது. நமக்குத் தேவைப்படாதா?

5. இந்தத் தேர்வு எதற்கு?

டைவ்மாஸ்டர் என்பவர் மற்றவர்களைக் கடலுக்குள் அழைத்துச் செல்பவர். நீரோட்டத்தில் ஒருவர் களைத்துப்போனால், படகு 100 மீட்டர் தள்ளி நின்றால், இழுத்துக்கொண்டு போக வேண்டியது அவர்தான். அப்போது அவருக்கே மூச்சு வாங்கினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. 400 மீட்டரை ஓடி முடிப்பதல்ல நோக்கம். முடித்த பிறகும் இன்னொருவருக்குக் கொடுக்க உங்களிடம் பலம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

செய்து பார்க்க:

1. இந்த வாரம் 400 மீட்டர் நீந்தி, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஆன நேரத்தை நண்பரைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். முதல் நூறுக்கும் கடைசி நூறுக்கும் எவ்வளவு வித்தியாசம்?
2. உங்கள் குழுவில் "கயிறு பிடிப்பவர்" யார்? நீங்கள் யாருக்குக் கயிறு பிடிக்கிறீர்கள்?