டெபியனில் புதிய பதிப்புக்கு மாறப்போகும் பிள்ளைகளுக்கு

டெபியன் 13 ‘ட்ரிக்ஸி’ 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. 12-ஆம் பதிப்பான ‘புக்வார்ம்’ வைத்திருக்கும் இளையவர்கள் பலர் இப்போதுதான் முதன்முறையாகப் பதிப்பு மாறப்போகிறார்கள். அவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. அவசரப்படாதீர்கள். டெபியன் தேதி பார்த்து வெளிவருவதில்லை, தயாரானால்தான் வரும். ஒவ்வொரு பேக்கேஜும் முதலில் ‘சிட்’ என்ற சோதனைக் களத்தில் இறங்கும். சில நாட்கள் பெரிய பக் எதுவும் தலைகாட்டாவிட்டால்தான் ‘டெஸ்டிங்’ பக்கம் நகரும். பிறகு ஃப்ரீஸ் தொடங்கும். படிப்படியாகக் கதவை மூடி, கடைசியில் பிழைதிருத்தங்களை மட்டும் அனுமதிப்பார்கள். இப்படி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்துத் தந்ததை அரைமணி நேரத்தில் ஏற்றிவிடத் துடிக்க வேண்டாம். புதியது வெளியான பின்னும் பழைய பதிப்புக்குச் சுமார் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும்.

2. வெளியீட்டுக் குறிப்புகளை முழுதாகப் படியுங்கள். 13-இல் 32-பிட் பிசிக்களுக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. வீட்டில் பழைய 32-பிட் லேப்டாப் இருந்தால் அது 12-இலேயே இருக்கட்டும். தற்காலிக ஃபைல்களுக்கான ‘டெம்ப்’ டைரக்டரி இனி ராமில் இருக்கும். அங்கே பெரிய வீடியோவைப் போட்டுவைத்தால் ராம் நிரம்பிவிடும். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பதற்றம் இருக்காது.

3. பேக்கப் எடுக்காமல் ஒரு கமாண்டும் அடிக்காதீர்கள். படங்களும் ஆவணங்களும் மட்டும் போதாது. அமைப்புகள் இருக்கும் ‘ஈடிசி’ டைரக்டரியும், நிறுவியுள்ள பேக்கேஜ்களின் பட்டியலும் தனி டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.

4. படி தாண்டாதீர்கள். 11-இலிருந்து நேராக 13-க்குப் போகக் கூடாது. 12-க்கு வந்து, நிலைப்பட்ட பிறகே அடுத்தது. கிளம்பும் முன் இப்போதைய பதிப்பின் திருத்தங்கள் எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள். வெளியிலிருந்து சேர்த்த ரெப்போக்களை நிறுத்திவையுங்கள்.

5. சோர்ஸ் பட்டியலில் ‘ஸ்டேபிள்’ என்று எழுதாதீர்கள். ‘புக்வார்ம்’, ‘ட்ரிக்ஸி’ என்று பெயரைக் குறிப்பிடுங்கள். ‘ஸ்டேபிள்’ என்றிருந்தால் வெளியீட்டு நாளன்றே சிஸ்டம் உங்களைப் புதியதற்கு இழுக்கும். எப்போது மாறுவது என்பது உங்கள் முடிவாக இருக்கட்டும். 12 முதல் வைஃபை போன்றவற்றின் ஃபர்ம்வேர் தனிப் பிரிவுக்குப் போய்விட்டது. அந்தப் பிரிவும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. இரண்டு கட்டமாக ஏற்றுங்கள். புதிதாக எதையும் சேர்க்காமல், இருப்பதை மட்டும் புதுப்பிக்கும் ‘அப்கிரேட்’ முதலில். ‘ஃபுல் அப்கிரேட்’ பிறகு. ‘சரி’ சொல்லும் முன், நீக்கப்படப்போகும் பேக்கேஜ்களின் பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்துவது அதில் இருந்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். தொலைவிலுள்ள சர்வர் என்றால் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை நடுவில் நிற்காது.

7. நடுவில் ஒரு கேள்வி வரும்: நீங்கள் மாற்றிய அமைப்பு ஃபைலை வைத்துக்கொள்வதா, புதியதைப் போடுவதா? வெறுமனே என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும். அதற்கு முன் ‘டி’ அழுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வரிவரியாகத் திரையில் விரியும். ஒரு சர்வீஸ் நாளை ஓடுமா ஓடாதா என்பது பல நேரம் அந்த நாலைந்து வரிகளில்தான் இருக்கிறது.

8. ரீபூட் செய்து, பிரிண்டர், ஒலி, வைஃபை, தமிழ்த் தட்டச்சு எல்லாம் சரிதானா என்று பாருங்கள். அதன் பிறகே பழைய பேக்கேஜ்களைத் துப்புரவு செய்யுங்கள்.

9. வாங்கிக்கொள்வதோடு நிற்காதீர்கள். டெபியன் இன்ஸ்டாலர் தமிழில் பேசுகிறதென்றால், யாரோ தம் நேரத்தைக் கொடுத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். அடுத்த பதிப்பு ‘ஃபோர்க்கி’. அது ஃப்ரீஸுக்கு வரும்போது உங்களிடம் உபரியாக ஒரு பிசி இருந்தால் அதில் ஏற்றிப் பாருங்கள். ஏதாவது உடைந்தால் என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று தெளிவாக எழுதி பக் பதியுங்கள். வெளியீட்டுக்கு முன் நீங்கள் பதியும் ஒரு பக், வெளியீட்டுக்குப் பின் முகம் தெரியாத பலரின் சிஸ்டங்களைக் காப்பாற்றும்.