படித்தவனுக்கு மட்டும் ஓட்டா?

தென்காசி
ஆனி, 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சில நாளாயிற்று. உடனே எழுத உட்கார்ந்திருந்தால் வைதிருப்பேன். அதனால் ஆறப்போட்டேன்.

பழைய குற்றாலத்தில் மே 17 அன்று வந்த திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தக் கோபத்தில் குறையே இல்லை. மேலே மழை பெய்தால் கீழே காட்டாறு வரும் என்பது இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அருவிக்கரைக்கு யார் பொறுப்பு, வனத்துறையா, பொதுப்பணித்துறையா, ஊராட்சியா என்று கேட்டால்தான் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள். இதுவரை சரி. அடுத்த பக்கத்தில் இடறிவிட்டாய். காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடும் படிக்காத சனங்களால்தான் கையாலாகாத ஆட்சி வருகிறதாம். பட்டம் வாங்கியவனுக்கு மட்டும் ஓட்டு என்று சட்டம் வந்தால் எல்லாம் நேராகிவிடுமாம். போதாக்குறைக்கு, ‘உத்தரமேரூரில் தகுதி பார்த்துத்தானே எடுத்தார்கள்?’ என்று ஒரு கேள்வி.

இந்தப் பேச்சைக் கல்யாணப் பந்தியிலும் குற்றாலம் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இப்போது நீயுமா?

உத்தரமேரூரை ஆளுக்காள் எடுத்துப் பேசுகிறார்கள். கல்வெட்டை முழுதாகப் படித்தவர் குறைவு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்க 919இல் எழுதிய விதியை 921இலேயே திருத்தி எழுதினார்கள். கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு என்று சலித்து எடுத்த ஆட்களை வைத்து நடத்தியும் இரண்டே வருஷத்தில் விதி போதவில்லை. அதில் எனக்குப் பிடித்த இடம் படிப்புத் தகுதி இல்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குலுக்கல் குடத்தில் போடக்கூடாது என்கிறது பார், அந்த இடம். அவன் பெயரை மட்டுமா? சிற்றன்னை, பெரியன்னை பிள்ளைகள், அத்தை மகன், மாமனார், மைத்துனன், மருமகன் வரைக்கும் விலக்கு. இன்றைய கட்சிகளுக்கு இந்த விதியை வைத்தால் வேட்பாளர் பட்டியலில் எத்தனை பெயர் மிஞ்சும் என்று நீயே எண்ணிக்கொள்.

ஆனால் உத்தரமேரூர் எதற்கு? அதைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் இருக்கும் மானூர்தான். பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.பி. 800. அந்த ஊர் மகாசபை கூடி, சபையில் யார் உட்காரலாம் என்று விதி செய்தது. ஊரில் பங்கு உள்ள குடும்பத்துப் பிள்ளையாக இருக்கவேண்டும். வேதத்தின் மந்திர பிராமணமும் ஒரு தருமநூலும் கற்றிருக்கவேண்டும். ஒழுக்கம் வேண்டும். நீ கேட்கிற சல்லடையேதான், அதைவிடக் கடுமையாக. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமே கிடையாது. அப்படிப் பொறுக்கி எடுத்த பண்டித சபையில் என்ன நடந்தது? அதே கல்வெட்டிலேயே இருக்கிறது. எந்தக் காரியத்தை எடுத்தாலும் கூடாது, கூடாது என்று சொல்லி முடக்குகிறவனுக்கும், அவனோடு சேர்ந்து நிற்கிறவனுக்கும், முடக்கிய ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம். நடக்காத குற்றத்துக்கு யாரும் கல்தச்சனைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்துத் தண்டனையை வெட்டி வைக்கமாட்டார்கள். படித்தவர்கள் மட்டுமே கூடிய சபை, ஊர் வேலை ஒன்றையும் ஓடவிடாமல் மல்லுக்கட்டியிருக்கிறது. நான் வகுப்பில் இந்தக் கல்வெட்டை எடுத்தால் மணி அடித்த பிறகும் விடமாட்டேன் என்று நீங்கள் கேலி செய்வது தெரியும். விடமாட்டேன்தான். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் கல்லிடைக்குறிச்சிக்காரர். மானூரைப் பற்றி அவர் எழுதியதை இந்த ஜில்லாவில் பிறந்தவன் படிக்காமல் இருப்பது அழகில்லை.

படித்தவனுக்கு ஓட்டில் தனிச்சலுகை என்பது உன் கண்டுபிடிப்பும் அல்ல. படித்தவனுக்குக் கூடுதல் ஓட்டு வேண்டும் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இலேயே எழுதினார். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், விடுதியில் விளக்கை அணைத்த பிறகும் வராந்தாவில் உட்கார்ந்து நான் படித்த புத்தகம் அது. பெண்களுக்கு ஓட்டுக் கேட்டு 1866இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மனுவைக் கொண்டுவந்த மனிதர் அவர், சாமானியர் இல்லை. அந்த நாட்டில் பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகத் தொகுதி என்று தனியாக இன்னொரு ஓட்டு 1950 வரை இருந்தது. பட்டதாரிக்கு இரண்டு ஓட்டு இருந்த அந்த ஆட்சிதான் 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்களைப் பட்டினியால் சாகவிட்டது. இலங்கையில் எல்லோருக்கும் ஓட்டு என்றபோது பொன்னம்பலம் இராமநாதன் போன்ற மேதையே எதிர்த்தார். 1931இல் அது வந்தேவிட்டது. அப்படி வந்த ஓட்டால் அமைந்த சபையில்தான் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். அங்கே ஓட்டு முந்தியது, படிப்பு பிந்தியது.

சரி, நம் ஊர்ப் படித்தவர்களைப் பார்ப்போம். 2016இல் இராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49. அங்கே 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளினார்கள். ஏன்? சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரம் இல்லையாம். உண்டு என்று உயர் நீதிமன்றம் சொல்லி, மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் ஆகிவிட்டது. எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே ஐந்து வருஷமும் ஓடிப்போயிற்று. தபால் ஓட்டுப் போட்டவர்களும் படித்தவர்கள், சான்றொப்பம் போட்டவரும் படித்தவர், தள்ளியவரும் படித்தவர். இதில் எந்தக் கைநாட்டைக் குற்றம் சொல்லப்போகிறாய்?

காசு வாங்குகிறார்கள் என்பது பொய்யில்லை. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே காசு விவகாரத்தில் ரத்து செய்தார்கள். ஆனால் கொடுத்தவனை விட்டுவிட்டு வாங்கியவளை மட்டும் ஏசுகிற வழக்கம் எனக்கு உவப்பில்லை.

ஓட்டுப்போடுகிறவர்கள்மேல் பழியே இல்லையா என்பாய். இருக்கிறது. அது ஓட்டுப்போடுகிற அன்றைய பழி இல்லை. தென்காசித் தொகுதியையே எடு. 2016இல் 462 ஓட்டில் ஒருவர் ஜெயித்தார். 2021இல் அதே இருவர் மோதி, முன்பு தோற்றவர் 370 ஓட்டில் ஜெயித்தார். அப்புறம் வழக்கு, 2023இல் தபால் ஓட்டு மறு எண்ணிக்கை. இந்தச் சில நூறு ஓட்டைப் பற்றி நாம் வருஷக்கணக்கில் டீக்கடையில் பேசினோம். அதே காலத்தில் நம் ஊராட்சிகளுக்கு என்ன ஆயிற்று? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தலை இடஒதுக்கீட்டுக் குறைபாட்டுக்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து தேர்தல் வைக்க அரசுக்கு மூன்று வருஷம் பிடித்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது, வெடி வெடித்தோம். இரண்டே வாரத்தில், டிசம்பர் 6 அன்று, மறுவரையறை முடியவில்லை என்று புதிதாய்ப் பிரித்த ஒன்பது மாவட்டங்களைத் தேர்தலிலிருந்து விலக்கிவைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் நம் ஊராட்சிகளுக்கு ஓட்டு நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். முழுசாக ஐந்து வருஷம், தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லாமல், தனி அலுவலர் கையெழுத்தில் ஊர் ஓடியது. எந்த ஊரிலாவது பஸ்ஸை மறித்தார்களா? படித்தவர்கள் யாராவது மனு எழுதினார்களா? கையாலாகாத ஆட்சி இந்த மௌனத்தில்தான் கொழுக்கிறது.

இதற்கு நேர்மாறாக ஒன்றையும் பார்த்தேன். தென்காசிக்குக் கிழக்கே ஓர் ஊரில் மே தினக் கிராம சபை. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, தட்டில் மிக்சர். வேலைக்குப் போகிற பையன்கள் வருகைப் பதிவில் கையெழுத்தைப் போட்டுவிட்டு பைக்கை எடுத்தார்கள். செயலர் வரவு செலவை மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டு போனார். மோட்டார் காயில் கட்டிய செலவு இரண்டு தடவை வந்தது. முன்வரிசையில் இருந்த, பீடி சுற்றுகிற அம்மாள் ஒருத்தி எழுந்தாள். கைநாட்டுக்காரி. “ஏய்யா, காயில் எரிஞ்சா தண்ணி நின்னுருக்கணும்லா? எங்க தெருவுல ஒருநாளும் நிக்கலையே. எப்போ எரிஞ்சுது?” செயலர் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கூட்டம் சிரித்தது, அவள் உட்காரவில்லை. அந்தச் செலவுக்கு அன்றைக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. உன் சட்டப்படி முதலில் ஓட்டை இழப்பவள் அவள்.

ஆகஸ்ட் 15 அன்று உனக்கு விடுமுறைதானே? முந்தின இரவே பஸ் ஏறி ஊருக்கு வா. கொடியேற்றியதும் மிட்டாயை வாங்கிக்கொண்டு நழுவாதே. கிராம சபை முடிகிற வரைக்கும் உட்கார். வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கி, வரி விடாமல் படித்துப் பார். பொருந்தாத செலவு ஏதாவது கண்ணில் பட்டால் எழுந்து கேள். கேட்டாயா இல்லையா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்