எண்பதிலும் கால் ஓயக்கூடாது

"இந்த வயசுல உனக்கு என்ன வேலை, சும்மா உட்காரும்மா" என்று பிள்ளைகள் பாசமாகத்தான் சொல்கிறார்கள். ஜவளகிரிப் பக்கம் கேழ்வரகுக் காட்டில் காலமெல்லாம் குனிந்து நிமிர்ந்த உடம்பு, மகன் ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போகத் தொடங்கியதும் திண்ணையோடு முடங்கிவிடுகிறது. எனக்குக் கவலை தருவது இந்த முடக்கம்தான்.

இனிமேல் பழக்கத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டாக்ஹோமில் 75 வயதைத் தாண்டிய சுமார் 1,800 பேரை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2012-ல் வெளியானது. புகைக்காமல், உடம்பை அசைத்து, நாலு பேரோடு பழகி வாழ்ந்தவர்கள் மற்றவர்களைவிட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள்; 85-ஐத் தாண்டியவர்களிடமும் நான்கு ஆண்டு வித்தியாசம் இருந்தது. தெம்பு இருப்பவர்தானே நடமாடுவார் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 1994-ல் அமெரிக்காவில், சராசரி 87 வயதுள்ள முதியோர் இல்லத்தவருக்குப் பத்து வாரம் பயிற்சி கொடுத்ததும் தசை வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

வீட்டிலேயே தொடங்கலாம். கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து நின்று, மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். முதலில் ஐந்து முறை போதும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தலைசுற்றினாலோ நெஞ்சு அடைத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். "விடியற்காலை வாக்கிங்" என்ற நகரத்து யோசனை இங்கே வேண்டாம். கேழ்வரகு முற்றும் நாட்களில் காட்டோரத்தில் யானை நடமாட்டம் உண்டு, பனிமூட்டத்தில் எதிரே நிற்பது தெரியாது. வெயில் ஏறியபின் ஊருக்குள்ளேயே, யாரையாவது பார்க்கப் போகிற சாக்கில் நடக்கட்டும், பேச்சுத்துணையும் கிடைக்கும்.

களியை விட வேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. புரதம்தான் அதில் குறைவு. வயதானவர்கள் பலர் களியும் கீரைச்சாறுமாக முடித்துக்கொள்கிறார்கள். தசை கரைவதற்கு அதுவும் ஒரு காரணம். மொச்சையோ துவரையோ நன்றாக வேகவைத்து மசித்துச் சேருங்கள், முட்டை சாப்பிடுபவர்களுக்கு தினம் ஒன்று கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வையுங்கள்.

வெற்றிலை போடுபவர்கள் முதலில் புகையிலையை நிறுத்த வேண்டும்.

பிரஷர், சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோய் நாள்கணக்கில் விடுபடுவது இன்னொரு ஆபத்து. இதற்கு உதவும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வரும், நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் இந்த வாரமே பெயரைப் பதிந்துவிடுங்கள்.