தவழும் பிள்ளைக்குத் தரையைக் கொடு

அம்மிணி, தலைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நீ படும் பாடு எனக்குத் தெரியும். உன் அம்மாவையும் மாமன்மாரையும் இந்த வீட்டுக் கூடத்தில்தான் தவழவிட்டேன். பால்வாடி டீச்சராக இருந்தபோது ஊர்ப்பிள்ளைகளையும் பார்த்தேன். அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததை உனக்குச் சொல்கிறேன்.

1. முழித்திருக்கும் பிள்ளையைத் தரையில் விடு. தூங்கும்போது மல்லாக்கப் படுக்கட்டும். முழித்திருக்கும்போது நீ பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடு. சிணுங்கும், பரவாயில்லை. கழுத்தும் தோளும் உரம் பெறுவது அப்படித்தான். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தரை சில்லிட்டுக் கிடக்கும். அப்போதும் என் மாமியார் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டார். பவானி ஜமுக்காளத்தை விரித்து அதில் விடுவார்.

2. நகராத நாட்களையும் ரசி. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் ஐந்தாம் மாதக் குழந்தைக்காகப் பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று ஒரு பகுதியே உண்டு. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியையே அப்படி ஆடவைத்துப் பாடினார். ஓர் அங்குலம்கூட முன்னே போகாத ஆட்டத்துக்குப் புலவர்கள் பத்துப் பாட்டு ஒதுக்கினார்கள். நீ பத்து நிமிடம் ஒதுக்க மாட்டாயா? சில பிள்ளைகள் முதலில் பின்னாலேயே போகும். அதுவும் போக்குத்தான்.

3. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதே. இந்தியா உட்பட 5 நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிள்ளை தனியாக நடக்கத் தொடங்குவது எட்டு மாதத்திலும் இருக்கலாம், பதினேழரை மாதத்திலும் இருக்கலாம். 100க்கு 4 பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழ்வதே இல்லை. உன் பெரிய மாமன் உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்ந்தான். ஊரே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. இன்று சோமனூரில் தறிக்கும் தறிக்கும் நடுவே நாளெல்லாம் நடக்கிறான். ஆனால் ஒன்று: ஒன்றரை வயது தாண்டியும் நடக்காவிட்டாலோ, ஒரு பக்கக் கைகாலை மட்டுமே அசைத்தாலோ, கற்றதை மறந்துவிட்டாலோ, என்னைக் கேட்காதே, டாக்டரைக் கேள்.

4. உட்காரவைத்து உருட்டும் வாக்கரை வாங்காதே. ஒரு நொடியில் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும். கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். பிள்ளை தானாகப் பிடித்து எழுந்து நின்ற பிறகு, தச்சர் செய்யும் மூன்று சக்கர நடைவண்டியைக் கொடு. அதைத் தள்ளுகிற பிள்ளை தன் பாரத்தைத் தானே சுமக்கிறது. அப்போதும் நீ பக்கத்திலேயே இரு. வளர்ந்த பிறகும் உன் உதவி அந்த அளவோடு இருக்கட்டும்.

5. வீட்டைப் பிள்ளையின் உயரத்திலிருந்து பார். முட்டி போட்டு ஒரு சுற்று வா. பிளக் பாயிண்ட், அரிவாள்மணை, அப்புச்சித் தாத்தாவின் மாத்திரை எல்லாம் கண்ணில் படும். வாளியில் அடித்தண்ணீர்கூட ஆபத்து, கவிழ்த்து வை. தோட்டத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடு. "தொடாதே" என்று நாளெல்லாம் கத்துவதைவிட ஒருமுறை எடுத்துவைப்பது மேல். இல்லாவிட்டால் பிள்ளை முதலில் கற்பது உன் அதட்டலைத்தான்.

6. விழட்டும். 12 முதல் 19 மாதப் பிள்ளைகள் விளையாடுவதை எண்ணிப் பார்த்து 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைத்தார்கள். 17 முறை விழுந்தார்கள். விழுந்த பிள்ளை முதலில் உன் முகத்தைத்தான் பார்க்கும். நீ அலறினால் அழும். தரையை அடித்து, "இதுதானே தள்ளிச்சு?" என்று சமாதானம் சொல்லாதே, தன் தடுமாற்றத்துக்கு வேறு யார்மீதோ பழி போடும் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. உன் அப்புச்சி இருந்த இடத்திலிருந்தே, "எந்திரி சாமி, ஒண்ணுமில்லே" என்பார். அது எழுந்துவிடும்.

7. நிலைப்படி தாண்டும் நாளைக் கொண்டாடு. நம் வீட்டில் அன்றைக்குக் கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம். யோசித்துப் பார், கண்ணு: உன்னை விட்டு விலகிப்போகப் பிள்ளை கற்றுக்கொண்டதற்குத்தான் அந்த இனிப்பு. இனிப் பள்ளிக்கூடம், வேலை, வெளியூர் என்று எத்தனையோ படிகளைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் முகம் சுளிக்காமல் கொழுக்கட்டை பிடிக்க நீ இப்போதே பழகிக்கொள். மாவை இடித்து வை. கவுந்தப்பாடிச் சர்க்கரையை நான் கொண்டுவருகிறேன்.