முதலில் பார், அப்புறம் கேள்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் கிடைத்தது. சிதம்பரத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு படம் திரையிடப் போவதாகவும், படத்தை எடுத்தவரே வரச் சம்மதித்துவிட்டார் என்றும், படம் முடிந்ததும் அவரோடு உட்கார்ந்து பேசும் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், “பத்துக் கேள்வி எழுதி அனுப்புங்கள் சித்தப்பா” என்று கேட்டிருக்கிறாய்.

பத்துக் கேள்வி எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். ஆனாலும் அனுப்பப் போவதில்லை. நான் எழுதினால் அது நான் பார்த்த படத்தின் கேள்வி. அவர் எதிரே உட்காரப் போகிறவள் நீ. கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால் இந்தப் படத்துக்கு மட்டுமல்ல, இனி நீ பார்க்கிற எந்தப் படத்துக்கும் உதவும்.

அதற்கு முன்னால் உன் தயக்கத்துக்கு ஒரு பதில். “நம்ம பக்கத்தில் இந்த மாதிரிப் படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?” என்று எழுதியிருக்கிறாயே, அது சரியில்லை அம்மா. கெடிலம் ஆற்றின் ஒரு கரையில் மஞ்சக்குப்பம், மறு கரையில் திருப்பாதிரிப்புலியூர். திருநெல்வேலியைப் பூர்வீகமாகக் கொண்ட புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது அந்தக் கரையில். ஜெயகாந்தன் 1934-இல் பிறந்தது இந்தக் கரையில். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ கொடுத்த பொறியிலிருந்துதான் 1979-இல் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ படம் வந்தது. ஜெயகாந்தனோ தன் கதையொன்றை யார் கையிலும் கொடுக்காமல் தானே படம் எடுக்க இறங்கினார். 1965-இல் வந்த ‘உன்னைப்போல் ஒருவன்’ அப்படிப் பிறந்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் சித்தாள் வேலை பார்க்கும் ஒரு தாய், அவள் மகன் சிட்டி, அவள் வாழ்வில் வந்து சேரும் ஒரு கிளி ஜோசியன். நட்சத்திரம் இல்லை, பாட்டு இல்லை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் உச்சத்தில் இருந்த நேரத்தில் செய்த காரியம் அது. தேசியத் திரைப்பட விருதுகளில் அதற்குத் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. படம் பார்க்கக் கிடைக்காவிட்டால் நாவலையாவது படித்துவிடு.

இந்தப் பக்கம் பண்ருட்டிக்குப் போனால் பத்திரக்கோட்டை. தங்கர் பச்சான் ஊர். தன் நாவலான ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ கதையை 2007-இல் அவரே படமாக்கினார். பலாவும் முந்திரியும் விளைகிற அந்தச் செம்மண் அதில் பின்னணிக் காட்சியாக நிற்காது, குடும்பத்தில் ஒரு ஆளாகவே இருக்கும். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இப்படிப்பட்ட சினிமா வெளியூர்ச் சரக்கு இல்லை, பாப்பா.

‘சுயாதீன சினிமா’ என்றால் குறைந்த செலவில் எடுத்த படம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்க்கும் அளவுகோல் வேறு: முடிவு யார் கையில் இருந்தது? ‘அக்கிரகாரத்தில் கழுதை’யைத் தமிழில் எடுத்த ஜான் ஆபிரகாம், பிறகு கேரளத்தில் ‘ஒடேசா’ என்ற கூட்டமைப்போடு ஊர் ஊராகப் போய் மக்களிடமே பணம் திரட்டி 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யைத் தயாரித்தவர் சிவகார்த்திகேயன் என்கிற பெரிய நடிகர். ஆனாலும் அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஒருவர் கையில் காசு இல்லை, இன்னொருவருக்குக் காசு கிடைத்தது. படம் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவை இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே உன் விருந்தினரிடம் “எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்?” என்று தொடங்காதே. எந்த இடத்தில் தன் முடிவைக் காப்பாற்றிக்கொண்டார் என்று படத்துக்குள்ளேயே தேடு.

எப்படித் தேடுவது? நீ இருக்கிற ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட படத்திலிருந்து காட்டுகிறேன். ஜி. அரவிந்தன் 1985-இல் எடுத்த ‘சிதம்பரம்’. மலையாளப் படம், சி.வி. ஸ்ரீராமனின் சிறுகதை. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான். அரவிந்தன் ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்தவர், கார்ட்டூன் போட்டவர். மூணாறு பக்கத்து மாட்டுப் பண்ணையில் சங்கரன் என்கிற மேற்பார்வையாளர். அவரோடு நட்பாக இருக்கும் தொழிலாளி முனியாண்டி. முனியாண்டி தன் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து அழைத்து வரும் பெண் சிவகாமி. ஸ்மிதா பாட்டீல் நடித்திருக்கிறார். சங்கரனுக்கும் சிவகாமிக்கும் உறவு உண்டாகிறது. முனியாண்டி தூக்கில் தொங்குகிறான். குற்ற உணர்ச்சியில் குடித்து அலையும் சங்கரன் கடைசியில் தில்லைக்கு வந்து சேர்கிறார். கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் முகம் நிமிர்த்துகிறாள். அது சிவகாமி. அதற்குப் பிறகு கேமரா அவர்கள் இருவரையும் விட்டுவிட்டுக் கோபுரச் சுவரில் மேலே மேலே ஏறி வானத்துக்குப் போய்விடுகிறது. படம் அவ்வளவுதான்.

முதல் தடவை பார்த்தபோது அந்தக் கடைசி நிமிடம் எனக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் கேள்விகள் வந்தன. சங்கரன், சிவகாமி, தில்லை என்று பெயர்கள் இவ்வளவு பொருந்தி வருவது எதற்காக? உள்ளே ஆடுகிறவனின் சன்னிதி இருக்க, படம் ஏன் செருப்பு விடுகிற வாசலில் முடிகிறது? அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று நாம் காத்திருக்கும் நேரத்தில் கேமரா ஏன் மேலே போகிறது? இவற்றில் எதையும் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் திரையில் இருந்தன. ஒவ்வொன்றும் கேட்கத் தகுந்த கேள்வி. அரவிந்தன் குறைவாகப் பேசுகிறவர் என்று பெயர் வாங்கியவர். அவரிடம் “இந்தப் படத்தின் மூலம் என்ன சொல்ல வருகிறீர்கள்?” என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டிருந்தால் நாலு வார்த்தையாவது வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆகவே உன் படத்தை இரண்டு தடவை பார். முதல் தடவை கையில் எதுவும் வேண்டாம், பேனாகூட. இரண்டாவது தடவை ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்: கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, மனதில் தோன்றியது. முதல் இரண்டு பத்தியும் நிறைய வேண்டும், மூன்றாவது கொஞ்சமாக இருந்தால் போதும். பலருக்கு மூன்றாவது பத்திதான் நிரம்பி வழியும். மேடையில் அவர்கள் கேள்வி கேட்கிறோம் என்று சொல்லிப் பிரசங்கம் செய்வது அதனால்தான்.

வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படத்தை எடுத்துக்கொள். 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கிய படம். குடிகார அப்பனும் பிள்ளையும் பொட்டல் வெயிலில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். தாகம் தெரியாமல் இருக்கப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதைத் துப்பி ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கற்கள் குவிந்து கிடக்கின்றன. அவன் எத்தனை தடவை அந்த வெயிலில் நடந்திருக்கிறான் என்று ஒரு சொல்லும் இல்லாமல் நமக்குத் தெரிந்துவிடுகிறது. கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுக் குழந்தையோடு நடந்தே வந்த தன் சகோதரியின் அனுபவம்தான் படத்துக்கு வித்து என்று வினோத்ராஜ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரிடம் “வறுமையைப் பற்றி எடுக்க ஏன் தோன்றியது?” என்றால் பொதுவான பதில்தான் வரும். “அந்தக் கற்குவியல் எழுதும்போதே இருந்ததா, படப்பிடிப்பில் வந்ததா?” என்றால் அவர் ஒரு நாளை நினைவுபடுத்தியாக வேண்டும். நினைவுபடுத்திப் பேசுகிறவர் பொய் பேச மாட்டார், மழுப்பவும் மாட்டார்.

உலகத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ, ஆங்கிலப் பட இயக்குநர் ஹிட்ச்காக்கை ஒரு வாரம் உட்கார வைத்துப் பேசினார். த்ரூஃபோவுக்கு அப்போது 30 வயது. இருவருக்கும் பொதுவான மொழி இல்லாததால் ஹெலன் ஸ்காட் என்பவர் நடுவில் இருந்து மொழிபெயர்த்தார். ஹிட்ச்காக்கின் முதல் படத்தில் தொடங்கி ஒவ்வொரு படமாக, த்ரூஃபோ வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனார். ‘சஸ்பிஷன்’ படத்தில் கணவன் பால் டம்ளரை ஏந்திக்கொண்டு இருட்டான மாடிப்படியில் ஏறி வருவான். நம் கண் அந்தப் பாலை விட்டு நகராது. ஏனென்றால் டம்ளருக்குள் ஒரு விளக்கை வைத்துவிட்டேன் என்று ஹிட்ச்காக் சொல்கிறார். டம்ளரைப் பற்றிப் பேச்சு வந்ததால் விளக்கு வெளியே வந்தது. நான்கு வருடம் கழித்து அந்த உரையாடல் புத்தகமாக வந்து, இன்றுவரை படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் கையில் இருக்கிறது.

இனி திரையிடல் நாளைப் பற்றி. படத்துக்கு உரிமையாளர் யாரோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. இயக்குநர் வருகிறார் என்பதாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முந்தின நாளே அதே அறையில், அதே புரொஜக்டரில், அதே ஸ்பீக்கரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார். கடைசி வரிசையில் நீயே போய் உட்கார்ந்து வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதித்துக்கொள். ஜன்னல்களுக்குக் கனமான ஜமுக்காளம் கட்டு. கதவோரம் ஒருவரை நிறுத்து. படத்துக்கு முன்னால் வாழ்த்துரை வேண்டாம். நான் போன ஒரு திரையிடலில் ஐந்து பேர் பேசி, ஐந்து பேருக்குப் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. படம் முடிந்தபோது பாதிப் பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடினார்கள். வெகுதூரம் பயணம் செய்து வந்த இயக்குநருக்குப் பேசக் கிடைத்தது பத்து நிமிடம். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கடலூருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு நேரத்தை வை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது விளக்கைப் போடாதே. அந்தப் பெயர்களில் ஒருவர் படப்பிடிப்பில் வெயிலில் மைக் பிடித்துக்கொண்டு நின்றவர்.

உரையாடலில் ஐந்தாறு கேள்வி போதும். முதல் கேள்வி சின்னதாக, ஒரு காட்சியைப் பற்றியதாக இருக்கட்டும். பதில் வந்த பிறகு அடுத்த கேள்விக்கு ஓடாமல், அந்தப் பதிலில் இருந்து ஒரு சொல்லை எடுத்துத் திரும்பக் கேள். அவர் பேச்சை நிறுத்தினால் நீ நிரப்பாதே. மூன்று நொடி பொறுத்திரு. நல்ல பதில் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். பணம் எப்படிப் புரட்டினார், படத்தை எங்கே போட்டார், யார் வாங்க மறுத்தார்கள் என்று கேட்கக் கூச்சப்படாதே. உன் எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் நாளைக்குப் படம் எடுக்கப் போகிறவருக்கு அதுதான் தேவை. உனக்கு ஒரு காட்சி பிடிக்கவில்லை என்றால் அதையும் மரியாதையாகச் சொல். விருந்துக்கு வந்தவரிடம் குறை சொல்வதா என்று தோன்றும். படத்தை உன்னிப்பாகப் பார்த்தவர் சொல்லும் குறையை எந்தக் கலைஞரும் மதிப்பார். கூட்டத்தில் யாராவது மைக்கை வாங்கிக்கொண்டு நீளமாகப் பேசினால், “ஐயா, இதில் உங்கள் கேள்வி எது என்று சொல்லுங்கள்” என்று தன்மையாகக் கேட்டுவிடு.

எல்லாவற்றையும் இரண்டு போனில் பதிவு செய். ஒன்று நின்றுவிட்டாலும் மற்றது கைகொடுக்கும். அந்த வாரமே உட்கார்ந்து எழுதிவிடு. அவர் மதுரைப் பேச்சு பேசினால் மதுரைப் பேச்சாகவே எழுது. நம் வசதிக்கு ஏட்டுத் தமிழாக்கிவிடாதே. அச்சுக்குப் போகும் முன் அவருக்கு ஒருமுறை அனுப்பிக் காட்டு. இதெல்லாம் எதற்கு என்று உனக்குத் தோன்றலாம். ஜெயகாந்தன் தன் சினிமா நாட்களை ‘ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்’ என்று தானே எழுதி வைத்தார். அதனால் அந்தக் காலம் நமக்குக் கிடைத்தது. எல்லாருக்கும் எழுத வராது. எழுதாமல் போகிறவர்களின் அனுபவத்தை யாராவது உட்கார்ந்து கேட்டால்தான் அது மிஞ்சும். உன் வேலை அதுதான்.

கடைசியாக ஒன்று. இயக்குநர் வருவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் கீழச் சன்னதி வழியாகக் கோயிலுக்குப் போ. செருப்பை விடும்போது டோக்கனை மட்டும் பார்க்காமல், அதை நீட்டுகிறவர் முகத்தையும் பார். பிறகு கோபுர வாசலுக்குள் நின்று, சுவரில் அடுக்கடுக்காக இருக்கும் நாட்டியக் கரணச் சிற்பங்களைப் பார். வெளியே வந்து, கோபுரச் சுவரில் கண்ணை மெதுவாக மேலே கொண்டுபோ. அரவிந்தனின் கேமரா ஏறின மாதிரியே. வானம் வந்ததும், திரும்பிக் கீழே அந்த முகத்தைப் பார்க்கத் தோன்றுகிறதா என்று கவனி. அப்போது மனதில் எழுகிற கேள்வியை நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. நான் உனக்குத் தராத பத்துக் கேள்விக்குப் பதிலாக அந்த ஒன்றை நான் உன்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன்.

திரையிடலுக்கு நானும் வருவேன். கடைசி வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை.

அன்புடன்,
உன் சித்தப்பா