பேக்கப் எடுபடுகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்களா?

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவரின் கடையில், நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு காலை வேளை சேர்வர் இயங்க மறுத்தது. உள்ளேயிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வன்தட்டு பழுதாகிவிட்டதற்கான சத்தம் அது. அவர் பதறவில்லை. "பேக்கப் இருக்குதானே. டெய்லி கடை மூட முன்னுக்கு அந்தப் பெட்டியில லைட் மின்னுறத நானே பாக்குறேன்" என்றார்.

அந்தப் பெட்டியை, அதாவது வெளியே இணைக்கும் வன்தட்டை, வேறொரு கணனியில் பொருத்திப் பார்த்தோம். கடைசியாகப் பதிவாகியிருந்த பிரதி நான்கு மாதங்களுக்கு முந்தியது.

நான்கு மாதக் கணக்கு என்பது வெறும் எண்கள் அல்ல. கல்முனைக்கும் அக்குறணைக்கும் புத்தளத்துக்கும் கடனுக்கு அனுப்பிய சரக்கு, கையிலிருக்கும் பின்திகதியிட்ட காசோலைகளின் பட்டியல், நாம் கொடுக்க வேண்டியவர்களின் நிலுவை, ஸகாத் கணக்கிட வேண்டிய இருப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது என்பதை வாசகர்கள் அறிவர். அன்று கொப்பியில் எழுதினோம், இன்று சேர்வரில் எழுதுகிறோம். கொப்பி தொலைந்தால் உடனே தெரிந்துவிடும். பேக்கப் தொலைந்தால், அது தேவைப்படும் நாள்வரை தெரியவே வராது.

சரி, லைட் தினமும் மின்னியதே, பிரதி ஏன் இல்லை?

காரணம் மிகச் சிறியது. அந்த வெளி வன்தட்டு பெட் 32 என்ற பழைய முறையில் போர்மட் செய்யப்பட்டிருந்தது. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 கிகாபைட்டை எட்ட முடியாது. தட்டில் 500 கிகாபைட் இடம் சும்மா கிடந்தாலும் இதே கதைதான். கடையின் கணக்கு மென்பொருள் முழுத் தரவுகளையும் ஒரே கோப்பாகப் பிரதியெடுக்கும். வியாபாரம் வளர வளர அந்தக் கோப்பும் வளர்ந்தது. ஒருநாள் 4 கிகாபைட்டைத் தொட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் மென்பொருள் எழுதத் தொடங்கும், லைட் மின்னும், எல்லையில் முட்டியதும் பாதியில் நின்று அரைகுறைக் கோப்பை அழித்துவிடும். இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்த ஒன்று, யாரும் கைவைக்காமலே நின்றுபோனது இப்படித்தான்.

உங்கள் பேக்கப் தட்டில் வலது கிளிக் செய்து 'புரொப்பட்டீஸ்' பாருங்கள். பைல் சிஸ்டம் என்ற இடத்தில் பெட் 32 என்றிருந்தால், உள்ளேயிருப்பவற்றை முதலில் வேறிடத்துக்குக் கொப்பி செய்துவிட்டு என்.டீ.எப்.எஸ். முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

தோல்வி பற்றி அந்த மென்பொருள் தினமும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அது போய்ச் சேர்ந்தது, வேலையை விட்டுப்போன பழைய கணக்குப்பிள்ளையின் முகவரிக்கு! இது நமது கடைகளில் மட்டும் நடப்பதென்று நினைக்க வேண்டாம். மென்பொருள் எழுதுவோரின் வேலைகளைச் சேமித்துவைக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் திகதி, பொறியியலாளர் ஒருவர் தவறான சேர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். சுமார் 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 கிகாபைட் மாத்திரமே. பேக்கப்பைத் தேடினால், அது வைக்கப்பட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களையோ அஞ்சல் சேர்வர் ஏற்காமல் நிராகரித்திருக்கிறது. தற்செயலாக, ஆறு மணித்தியாலங்களுக்கு முன்பு வேறொரு தேவைக்காக எடுத்த பிரதியொன்று இருந்ததால் தப்பினார்கள். கணனியையே தொழிலாகக் கொண்டவர்களின் நிலை இதுவென்றால், துணியும் ஆணியும் விற்கும் நாம் எந்த மூலைக்கு?

ஆகவே மின்னஞ்சல் வரவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுக்காதீர்கள். நேரடியாகப் போய்ப் பாருங்கள். விண்டோஸ் சேர்வருடன் வரும் 'விண்டோஸ் சேர்வர் பேக்கப்' வசதியைப் பாவிப்பவர்கள் அதைத் திறந்தாலே கடைசியாக வெற்றிபெற்ற பிரதியின் திகதி தெரியும். விபரம் வேண்டுமானால் ஈவன்ட் வியூவரில் மைக்ரோசொப்ட், விண்டோஸ், பேக்கப் என்ற வரிசையில் சென்றால் பதிவேடு இருக்கிறது. அங்கே 4ஆம் இலக்க நிகழ்வு வெற்றியையும் 5ஆம் இலக்கம் தோல்வியையும் குறிக்கும். தோல்விக்குரிய காரணமும் குறியீட்டு எண்ணும் அதிலேயே இருக்கும். திருத்துநரை அழைக்குமுன் அந்த வரியைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்புங்கள். 'பேக்கப் வேலை செய்யல்ல' என்று மட்டும் சொன்னால் அவரும் எதையாவது தட்டிப்பார்த்துவிட்டுப் பில் போடுவார்.

நமது கடைகளுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. இந்த வசதி தானாகத் தெரிவுசெய்யும் நேரம் இரவு 9 மணி. நாமோ ஏழரைக்குக் கடையை மூடும்போது பிரதான சுவிட்சையே நிறுத்திவிட்டுப் போகிறோம். பிறகு பேக்கப் எப்படி எடுபடும்? நேரத்தைப் பகல் உணவு வேளைக்கு மாற்றினால் போதும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில், பலருடைய பேக்கப் நேரங்கள் கண்டபடி மாற்றப்பட்டன. மின்சாரம் சீரான பின் யாரும் அவற்றைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடவுச்சொல்லை மாற்றினீர்களா? டாஸ்க் ஷெடியூலர் மூலம் ஓடும் வேலைக்குப் பழைய கடவுச்சொல்தான் தெரியும். மாற்றிய அன்றிரவே அது நின்றுவிடும். அங்கே 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' என்பதற்கு நேரே பூச்சியம் இருந்தால் பெரும்பாலும் சரி, வேறு ஏதாவது இருந்தால் விசாரியுங்கள். இன்னொரு கணனியின் போல்டருக்குப் பிரதியெடுப்பவர்கள் இஸட் போன்ற எழுத்தைக் கொடுக்காமல் முழு வலையமைப்பு முகவரியைக் கொடுக்க வேண்டும். யாரும் லொக் இன் செய்யாத நேரத்தில் அந்த எழுத்து இருக்காது.

சற்றுச் சிக்கலானது 'ஷெடோ கொப்பி' சம்பந்தப்பட்ட தோல்வி. கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே தரவுகளைப் பிரதியெடுக்க, விண்டோஸ் அந்தக் கணத்தை ஒரு நிழற்படம்போல் நிறுத்திப்பிடிக்கிறது. அதற்கு எழுத இடம் வேண்டும். பிரதான தட்டில் நிறைய இடம் இருந்தும் 'போதிய இடமில்லை' என்று வந்தால், சந்தேகிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத 'சிஸ்டம் ரிசேர்வ்ட்' என்ற சிறு பகுதியை. 500 மெகாபைட்டிலும் சிறிய பகுதியென்றால் குறைந்தது 50 மெகாபைட்டும், அதிலும் பெரியதென்றால் 320 மெகாபைட்டும் வெறுமையாக இருக்க வேண்டும். இதைச் சரிசெய்வது திருத்துநரின் வேலை, நீங்கள் கைவைக்க வேண்டாம். இரண்டு பேக்கப் மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடினாலும் இந்த நிழற்படம் குழம்பும். ஒன்றை நிறுத்தி, சேர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டாலே பல தடவைகளில் சரியாகிவிடுகிறது.

தோல்விக்குக் காரணம் 'வாசிக்க முடியவில்லை' என்றிருந்தால், அல்லது சிஸ்டம் பதிவேட்டில் 7ஆம் இலக்கத்துடன் 'பேட் புளொக்' என்று காணப்பட்டால், விடயம் வேறு. பழுது பேக்கப் தட்டிலா, கணக்கு இருக்கும் தட்டிலா என்று முதலில் பார்க்க வேண்டும். கணக்கு இருக்கும் தட்டென்றால் பலரும் செய்யும் தவறு, உடனே 'செக் டிஸ்க்' ஓடவிடுவது. சாகக்கிடக்கும் தட்டை மணிக்கணக்கில் ஓடவைத்தால் அது மௌத்தாகிவிடும். முதலில் தரவுகளை வேறு தட்டுக்கு எடுங்கள். திருத்தம் பிறகு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் சேர்வர் பேக்கப்புக்கென்று முழுமையாக ஒதுக்கிய தட்டு, 'மை கம்பியூட்டரில்' தெரியாது. அது பழுதல்ல, அப்படித்தான் மறைத்துவைக்கப்படுகிறது. 'தட்டு காலியாக இருக்கிறது வாப்பா' என்று மகன் அதைப் போர்மட் செய்துவிடாமல், மேலே ஒரு லேபல் ஒட்டிவையுங்கள்.

2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்க முகிற் கணனி சேவையை ரென்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்து அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பாதிக்கப்பட்டதுதான் காரணம். சேர்வரில் எப்போதும் செருகியிருக்கும் தட்டுக்கும் இதே கதி நேரலாம். இரண்டு தட்டுகளை வாங்கி மாறிமாறிப் பாவியுங்கள். ஒன்று கடையில் இருக்கும்போது மற்றது வீட்டு அலுமாரியில் இருக்கட்டும். சேர்வருக்குள் ரெய்ட் முறையில் இரண்டு தட்டுகள் இருக்கின்றனவே என்பார்கள். ஒன்றில் அழித்தது மற்றதிலும் அதே கணத்தில் அழிந்துவிடும். அது பேக்கப் அல்ல.

மாதத்தில் ஒரு நாள், ஜும்ஆவுக்குக் கடை மூடும் வேளையாகவும் இருக்கலாம், அந்தப் பிரதியை வேறொரு கணனியில் மீளேற்றிப் பாருங்கள். கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. முதல்நாள் போட்ட கடைசிப் பில்லின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதிக்கொண்டு, அதே பில் அதே தொகையுடன் திரையில் வருகிறதா என்று பாருங்கள்.

புறக்கோட்டைச் சகோதரர் பில் புத்தகங்களின் காபன் பிரதிகளை வைத்துக்கொண்டு, இரண்டு பையன்களை அமர்த்தி நான்கு மாதக் கணக்கை மீண்டும் பதியத் தொடங்கினார். வெளியூர்க் கடைக்காரர்கள் பலர் தங்களிடமிருந்த கணக்கைத் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர் தொலைபேசியே எடுக்கவில்லை. பெருநாள் முடிந்த பிறகும் இரண்டு பெட்டி பில்கள் பதியப்படாமல் இருந்தன.